அண்ணன் பெட்டியில அண்ணன் மட்டும்

...இல்ல, அது என்ன சட்டம்னுதான் கேக்கறேன். இந்த மிக்ஸர் மேசையை அரங்கத்து ஆளைத் தவிர வேற யாரும் தொடக்கூடாதாம். ஆபீஸ்ல ஒரு அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில வச்சுக்கிட்டு, "நீங்க வேணா பக்கத்துல உக்காந்துக்கலாம், கை வைக்கக் கூடாது"ங்கறாங்க. நான் என்ன வேடிக்கை பாக்கவா வந்தேன்? இந்தக் கொதிகலன் பேண்டுக்கு முதல் நாள்லேர்ந்து சவுண்ட் பாத்தவ நான். அப்ப நீங்க பொறந்திருப்பீங்களோ என்னவோ. கோவிச்சுக்காதீங்க தம்பி, உங்களைச் சொல்லல. நீங்க பாவம், சொன்ன வேலையைச் செய்யறீங்க. கொஞ்சம் தள்ளிக்கோங்க, உக்காரணும். முட்டி வலி. பையை இப்பிடி மேசை ஓரமா வச்சுக்கறேன். இருக்கட்டும், இருக்கட்டும், ஒண்ணும் ஆகாது. உங்க பட்டன் எதையும் நான் தொடல, பையைத்தானே வச்சேன். உள்ள பிளாஸ்க் இருக்கு, கீழ வச்சா சாஞ்சிடும்.

என்ன மேசை இது? எங்க மேசையில முண்டு முண்டா திருகு இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு எதைத் திருகினா எவன் அடங்குவான்னு சொல்லுவேன். இங்க என்னடான்னா திரை, விளக்கு, வளைஞ்ச கழுத்தோட ஒரு குட்டி மைக் வேற. அது எதுக்கு, இங்கேர்ந்தே மேடைக்குப் பேசறதுக்கா? கொடுத்து வச்சவங்க நீங்க. நான் டார்ச் அடிச்சுத்தான் பேசுவேன். ஒரு தடவை அடிச்சா சத்தத்தைக் குறை, ரெண்டு தடவை அடிச்சா நிறுத்து. ஒருத்தரும் குறைச்சதும் இல்ல, நிறுத்தினதும் இல்ல. பேட்டரிதான் தீந்துது.

என்ன, பையைப் பாக்கறீங்க? பிஸ்கட் வேணுமா? அப்பறம் தரேன்.

அதோ பாருங்க. மேடையில இடது பக்கம் தலையில துணி கட்டிக்கிட்டு நிக்குதே, அது எங்க அண்ணன். பாடறது அதுதான். துணி ஸ்டைலுக்குன்னு நினைக்காதீங்க, முடி போயிடுச்சு. வலது பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு கிடாருக்குக் கம்பி மாத்தறாரே, அவரு எங்க வீட்டுக்காரர். ரெண்டு பேருக்கும் நடுவுல விட்டிருக்கற இடத்தைப் பாத்தீங்களா? லாரி போகலாம். பின்னாடி டிரம்ஸ்ல உக்காந்து ஏதோ மென்னுக்கிட்டு இருக்காரே, அவருக்குப் பேரு பொறுமை. பேக்கரியில மாவு பிசையறவரு. மாவைப் பிசைஞ்ச கை, அதான் அடி அப்பிடி விழும். பேஸ் வாசிக்கறவரு ஓரத்துல, திரைக்குப் பக்கத்துல, அதோ... இல்ல, அது நாற்காலி. அதுக்குப் பக்கத்துல. அவரை நிழல்னு கூப்பிடுவோம். ஒரு தடவை கச்சேரிக்கே வரல மனுஷன், வண்டி வழியில நின்னு போச்சு. ரெண்டு பாட்டு முடிஞ்சப்பறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.

இன்னிக்கு இந்த மாமனையும் மச்சானையும் ஒரே மேடையில ஏத்தறதுக்கு நான் பட்ட பாடு இருக்கே, அதைச் சொன்னா விடிஞ்சிடும். பேச்சுவார்த்தை இல்ல தம்பி ரெண்டு பேருக்கும். வருஷக் கணக்கா இல்ல. அண்ணன் எங்க வாசப்படி மிதிக்கறதில்ல. என் பொண்ணைப் பாக்கணும்னா பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கும். தாய்மாமன் மருமகளைப் பஸ் ஸ்டாப்புல நின்னு பாக்கறதை எங்கயாவது கேட்டிருக்கீங்களா? முன்னெல்லாம் ஒருத்தர் மாப்ளம்பாரு, இன்னொருத்தர் மச்சாம்பாரு. இப்ப என்கிட்ட, "உன் புருஷன் எப்பிடி இருக்கான்?" அந்தப் பக்கம், "உங்க அண்ணன் இன்னும் கத்திக்கிட்டுத்தான் இருக்காரா?" நான் நடுவுல மத்தளம். ரெண்டு பக்கமும் இடி.

பழைய பேண்டுங்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு நிகழ்ச்சின்னு உங்க ஆளுங்க போன் பண்ணாங்களா... அண்ணன்கிட்ட போயி, இவரு உன்னை வரச் சொல்லிக் கேட்டாருன்னேன். இவருகிட்ட வந்து, அண்ணன் உங்களைக் கேட்டுச்சுன்னேன். ரெண்டும் கேக்கல. கேக்கற ஜென்மமா அதுங்க? ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்றோம், ரெண்டே ரெண்டு பொய் சொல்லி ஒரு கச்சேரி பண்ணக்கூடாதா?

என்ன தம்பி, கையைக் கையை ஆட்டறீங்க? ஈயா? இங்க ஒண்ணும் இல்லயே.

எல்லாம் ஆரம்பிச்சதே ஒரு கொதிகலன் அறையிலதான். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வெளுத்துக் குடுக்கற ஒரு பெரிய கம்பெனி. அங்க நீராவிக் கொதிகலனைப் பாத்துக்கற வேலை அண்ணனுக்கு. அந்த இரைச்சல்ல பேசிப் பேசி, அதுக்கு மெதுவாப் பேசவே வராது. உப்பை எடுன்னு சொன்னா தெரு நாய் எழுந்து நிக்கும். அந்தத் தொண்டைக்கு வேற என்ன பாட்டு ஒத்துவரும் சொல்லுங்க? இவரு அந்தக் கம்பெனிக்குத் தையல் மிஷின் ரிப்பேர் பாக்க வந்தவரு. கிழிஞ்ச போர்வை தைக்க நாலஞ்சு மிஷின் வச்சிருந்தாங்க. மிஷினைப் பாக்க வந்தவரு, இந்தச் சத்தம் என்னன்னு கேட்டுக் கொதிகலன் அறைக்குப் போனாரு. அப்பறம் கிடாரோட வந்தாரு. அப்பறம் எங்க வீட்டுக்கே வந்தாரு. வாயைத் திறக்க மாட்டாரு தம்பி. கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட அவர் பேசினதை ஒரு தீப்பெட்டியில எழுதலாம். பேசாததையெல்லாம் சேத்து வச்சு கிடார்ல பேசிடுவாரு. அண்ணன்தான் என்கிட்ட வந்து, "இவன் வாசிப்பைக் கேட்டியா? நல்ல மனுஷனாத்தான் இருப்பான், கட்டிக்கோ"ன்னுச்சு. இப்பக் கேட்டா நான் அப்பிடிச் சொல்லவே இல்லங்குது.

பேண்டு நல்லாத்தான் போச்சு. நல்லான்னா, எங்க நல்லா. ஒரு சோபாக் கடை திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டாங்க. அண்ணனுக்குப் புகை வேணும். மேடைன்னா புகை வரணுமாம். புகை மிஷினை நிழல் இயக்கினாரு, நிறுத்த மறந்துட்டாரு. கூரையில தீயணைக்கற குழாய் இருந்துது, அது புகையைப் பாத்துத் திறந்துக்கிச்சு. அத்தனை சோபாவும் தொப்பல். அண்ணன் பாட்டை நிறுத்தலயே! மழையில பாடறோம்னு நினைச்சுக்கிச்சாம். முதலாளி மைக்கைப் பிடுங்கினப்பறம்தான் நின்னுச்சு. மறுநாள் பேப்பர்ல படம் வந்துது. அதுக்கப்பறம் எல்லாரும் எங்களைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. சனங்க எதுக்குக் கூப்பிடறாங்கன்னே தெரியல தம்பி.

பேரு வந்தா கூடவே வந்துடும் பாருங்க, நான் பெரியவனா நீ பெரியவனா. இவரு தனியா வாசிக்கற இடம் ஒண்ணு வரும் பாட்டுக்கு நடுவுல. கொஞ்ச நேரம் வாசிச்சுட்டு விட்டுடணும். இவரு விடமாட்டாரு. ஒரு நாள் அண்ணன் மேடையை விட்டு இறங்கி, எதிர்க் கடையில டீ குடிச்சுட்டு, கடைக்காரன்கிட்ட நலம் விசாரிச்சுட்டு வந்து ஏறுச்சு. இவரு இன்னும் வாசிச்சுக்கிட்டே இருக்காரு. அதுக்குப் பழி வாங்கறேன்னு அண்ணன் அடுத்த பாட்டுல ஒரு அலறல் போட்டுச்சு. முடியவே இல்ல. முன் வரிசையில ஒரு குழந்தை பயந்து அழுது, தூங்கியும் போச்சு.

இந்த நாற்காலி போடறவங்களைக் கொஞ்சம் மெதுவாப் போடச் சொல்லக்கூடாதா? எனக்கே வலது காது மந்தம். எல்லாம் இவங்களால வந்ததுதான். இன்னொண்ணு, உங்க அரங்கத்துல ஏதோ எதிரொலி இருக்கு தம்பி. நான் பேசறது எங்கயோ தூரத்துல திரும்பிக் கேக்கற மாதிரி இருக்கு. கட்டினவன் சரியில்ல.

எங்க விட்டேன்? ஆங், சண்டை. ஒவ்வொரு கச்சேரி முடிஞ்சு வண்டியில வரும்போதும் சண்டை. என் குரல் எனக்குக் கேக்கலங்கும் அண்ணன். கிடார் எனக்குக் கேக்கலம்பாரு இவரு. அவர் ஆம்பிளிஃபயரைக் கூட்டுவாரு, அது இன்னும் கத்தும். அப்பத்தான் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். உங்களுக்குப் பாடம் நடத்தறேன்னு நினைச்சுக்காதீங்க. மேடையில காலுக்கு முன்னாடி, மூஞ்சியை அவங்க பக்கம் திருப்பி வச்சிருக்கே மானிட்டர் பெட்டி, பாடறவங்களுக்கும் வாசிக்கறவங்களுக்கும் மட்டும் கேக்கறதுக்கு... அதுல எல்லாரும் என்ன செய்வீங்க? எல்லாச் சத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து குடுப்பீங்க. நான் கலக்கல. அண்ணன் பெட்டியில அண்ணன் மட்டும். இவரு பெட்டியில இவரு மட்டும். அவ்வளவுதான்.

வண்டியில அன்னிக்கு ஒரு சத்தம் இல்ல தம்பி. அண்ணன் என் காதுல வந்து, "மாப்ள இன்னிக்கு அடக்கமா வாசிச்சாரு, திருந்திட்டாரு"ங்குது. வீட்டுக்கு வந்தா இவரு, "மச்சான் இன்னிக்குக் கத்தல, நிதானமாப் பாடினாரு"ங்கறாரு. ரெண்டு பேரும் எப்பவும் போலத்தான் கத்தினாங்க. ஒருத்தர் சத்தம் இன்னொருத்தர் காதுக்குப் போகல, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. வெளிய சனங்களுக்கு நான் சரியாக் கலந்து குடுத்தேன், அதுல குறையே சொல்ல முடியாது. மேடையில மட்டும் அவங்கவங்க ராஜ்ஜியம் அவங்கவங்களுக்கு. வீடு அமைதியா இருந்துது. ஞாயித்துக்கிழமை ஆனா அண்ணன் வந்து சாப்பிடும். என் பொண்ணு அது மடியிலயே தூங்குவா. நான் செஞ்சது தப்புன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம்.

நீங்க ஏன் தலையில கை வச்சுக்கறீங்க? தலைவலியா? பிளாஸ்க்ல டீ இருக்கு. பையை விடுங்க, விடுங்க, நானே எடுத்துத் தரேன். பொறுங்க, இதைச் சொல்லி முடிச்சுடறேன்.

அந்தத் திறந்தவெளி மைதானத்துக் கச்சேரி. எங்க வாழ்க்கையிலயே பெரிய கச்சேரி அதுதான். அன்னிக்குப் பாத்துப் பொண்ணுக்கு அனலாக் காய்ச்சல். என்னால போக முடியல. அங்க ஒரு சவுண்ட் ஆளு இருந்தான். நல்லாப் படிச்சவனாம். அந்த மகராசன் என்ன பண்ணான், முறைப்படி எல்லாப் பெட்டியிலயும் எல்லாத்தையும் கலந்து குடுத்துட்டான்! அண்ணன் காலடியில இவரு கிடார். இவரு காலடியில அண்ணன் தொண்டை. வருஷக் கணக்காக் கேக்காத சத்தம், ஒரே நாள்ல வந்து விழுந்தா? வேணும்னே என்னை அமுக்கறான்னு அண்ணன் நினைச்சுக்கிச்சு. சவுண்ட் ஆளை மச்சான் கைக்குள்ள போட்டுக்கிட்டாருன்னு இவரு நினைச்சுக்கிட்டாரு. இவரு கூட்டினாரு. அது அலறுச்சு. மூணாவது பாட்டுல அண்ணன் மைக் ஸ்டாண்டைத் தள்ளி விட்டுச்சு, அது போயி கிடார் கழுத்துல பட்டு, கழுத்து உடைஞ்சு போச்சு. பொறுமை மட்டும் கடைசி வரைக்கும் அடிச்சுட்டுத்தான் எழுந்தாராம். நிழல் எப்பப் போனாருன்னு யாருக்கும் தெரியாது.

அத்தோட முடிஞ்சுது. அண்ணன் கொதிகலன்னு தனியா நடத்துச்சு, இவரு போட்டிக்கு அசல் கொதிகலன்னு ஆரம்பிச்சாரு. மிட்டாய்க் கடை மாதிரி. ரெண்டுக்கும் டிரம்ஸ் பொறுமைதான், ஊர்ல வேற ஆள் ஏது? ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் கச்சேரி வந்துட்டா, இங்க பாதி அடிச்சுட்டு சைக்கிள்ல அங்க போவாரு. அங்க என்ன வாசிச்சாங்கன்னு இங்க கேப்பாங்க, இங்க என்ன பாடினாங்கன்னு அங்க கேப்பாங்க. அவரு பதில் சொல்லமாட்டாரு. வாயில எப்பவும் ரொட்டி இருக்கும். பாடறவன் இல்லாம ஒண்ணு, கிடார் இல்லாம ஒண்ணு, எது ஓடும்? ரெண்டும் படுத்துக்கிச்சு.

நான் ஏன் சொல்லலன்னுதானே பாக்கறீங்க? பெட்டியில நான்தான் மறைச்சேன், அவன் உங்களை அமுக்கல, நீங்க அவனை அமுக்கல, எப்பவும் இதே சத்தம்தான்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். வாய் வரைக்கும் வரும். அப்ப ரெண்டு பேரும் சேந்து என்னை விட்டுட்டாங்கன்னா? எனக்கு இருக்கறது ஒரே அண்ணன். பயமா இருந்துது. அதுவும் இல்லாம, நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன். அந்தப் படிச்சவன் ஒழுங்கா இருந்திருந்தா எல்லாம் நல்லாத்தான் போயிருக்கும்.

பாருங்க, ரெண்டு பேரும் வேலையைப் போட்டுட்டு நம்ம பக்கமே பாக்கறாங்க. பசி போல. பொறுமை எதுக்கு டிரம்ஸ் மேல தலையைக் கவுத்துக்கிட்டுக் குலுங்கறாரு? தொண்டையில ரொட்டி அடைச்சுக்கிச்சா?

இதுல கொடுமை என்ன தெரியுமா? தையல் மிஷினைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இவரு வாயில முணுமுணுக்கறது எல்லாம் அண்ணன் பாடின பாட்டு. என்னங்க பாட்டுன்னு கேட்டா, "மிஷின் சத்தம்"பாரு. போன வாரம் பொண்ணுகிட்டச் சொல்றாரு, "உங்க மாமா தொண்டை மாதிரி இன்னொரு தொண்டையை நான் கேட்டதில்ல, ஆனா அவருகிட்டச் சொல்லிடாதே"ன்னு. அண்ணன் என்ன குறைச்சலா? அது வண்டியில ஏறினா பழைய ஒலிநாடா ஒண்ணு ஓடும். பாட்டு வந்தா ஓட்டி விட்டுடும். இவரு தனியா வாசிக்கற இடம் வந்தா மட்டும் நிறுத்தி, திருப்பி, மறுபடியும் போடும். டீ குடிக்கப் போச்சே, அதே வாசிப்புதான்! அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சில நாள் கண்ணைத் துடைச்சுக்குமாம். இதையெல்லாம் நான் எப்பிடிக் கொண்டு போயிக் குடுக்கறது? திட்டினதை மட்டும் ரெண்டு பக்கமும் ஒழுங்கா விநியோகம் பண்ணிருக்கேன்.

அதான் தம்பி, உங்க கையைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். மேசையை நீங்களே வச்சுக்கோங்க. இது ஒண்ணு மட்டும் செய்யுங்க. அண்ணன் பெட்டியில அண்ணன் மட்டும், இவரு பெட்டியில இவரு மட்டும். நாலு பாட்டு. சண்டை இல்லாம நாலு பாட்டு முடிஞ்சா, சாப்பிட வா அண்ணேன்னு நான் கூப்பிட்டுடுவேன். சமைச்சு வச்சுட்டுத்தான் வந்திருக்கேன். கலந்து கிலந்து குடுத்துட்டீங்கன்னா இன்னொரு கிடாருக்குக் கழுத்து போகும், எனக்கு அண்ணனும்...

பேசிக்கிட்டே இருக்கேன், எங்க எழுந்து போறீங்க? மேடைக்கா? அண்ணன் கையைக் காட்டிக் கூப்பிட்டுச்சா? எதுக்குக் கூப்பிடுது? என்னது... பையா? என் பைக்கு என்ன?

பைக்கு அடியில சின்னதா ஒரு சிவப்பு விளக்கு எரியுதே. இது அந்தக் குட்டி மைக்கோட பட்டன்ல... அப்ப நான் பேசினதெல்லாம் மேடையில...

ஐயோ. எடு, பையை எடு.

இது எப்பலேர்ந்து எரிஞ்சுது? தம்பி? முதல்லேர்ந்தா? நீங்க எடுத்துத் தொலைச்சிருக்கக்கூடாதா? நான்தான் விடலயா... தம்பி!... போயிட்டான். நழுவிட்டான். இப்ப நான் எங்க போயி ஒளிஞ்சுக்கறது? ரெண்டு பேரும் இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்கறாங்க. என்னை முறைக்கறதுக்கு மட்டும் என்ன ஒத்துமை பாரு. லாரி போற அளவுக்கு இடம் விட்டிருந்தாங்களே, அது எங்க போச்சு? தோளோட தோள் இடிச்சுக்கிட்டுல்ல நிக்கறாங்க.

அண்ணன் மைக்ல பேசுது. திட்டு அண்ணே, நல்லாத் திட்டு, நான் வாங்கிக்கறேன். "இவளை நம்பி இத்தன வருஷத்தைத் தொலைச்சுட்டமே மாப்ள"ங்குது. சரிதான், எல்லாம் என்னாலதான், வேற யாரு... இரு. இரு அண்ணே. கடைசியா என்ன சொன்னே?

மாப்ளன்னுச்சு. என் காது மந்தம்தான், ஆனா மாப்ளன்னுதான் சொன்னுச்சு.

இவரு வேற மைக் கிட்டப் போறாரு. மேடையில வாயே திறக்காத மனுஷன். என்ன சொல்றாரு அந்தத் தம்பிகிட்ட... "என் பெட்டியில மச்சான் குரலை வைங்க, நிறைய வைங்க"ங்கறாரு. அண்ணன் தன் பெட்டியில கிடார் வேணுங்குது. போங்கய்யா, உங்க காது, உங்க இஷ்டம். செவிடாப் போனா என்கிட்ட வராதீங்க.

எனக்கு ஏன் கண்ணு இப்பிடி... இந்தப் புகை மிஷினை எவன் போட்டான்?

அந்தப் பட்டன் எங்க? பையை மறுபடியும் வச்சுக்கறேன். அரங்கத்துச் சட்டம் கிடக்கட்டும்.

அண்ணே, கேக்குதா? பெட்டியில என் குரல் வருதா? முடிஞ்சதும் சாப்பாடு நம்ம வீட்ல. ரெண்டு பேரும் ஒரே வண்டியில வரீங்க. பொறுமையும் வரட்டும், நிழல் இருந்தா அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க. என்ன, பதிலைக் காணோம்? தலையை ஆட்டு, எனக்கு இங்கேர்ந்து தெரியும். ஆட்டற வரைக்கும் நான் பையை எடுக்கமாட்டேன், சொல்லிட்டேன், இப்பிடியே பேசிக்கிட்டுத்தான் இருப்பேன்.